வாகன வயர்லெஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வாகனங்களில் பொருத்தப்படும் இருவழி வயர்லெஸ் கருவிகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவை இந்த இதழில் இடம்பெறுகின்றன. கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குழப்பத்தைச் சுற்றி அமைந்திருந்ததால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் வாகனத்தில் உள்ள வயர்லெஸ் கருவியின் குமிழை முதல் எட்டு எண்களில் வைத்தால், மைக்கின் பொத்தானை அழுத்தியவுடன் பேச முடிகிறது. ஒன்பதாம் எண்ணுக்குப் போனால், அழுத்தியதும் ‘பிப் பிப் பிப்’ என்று மூன்று சிறு ஒலிகள் வருகின்றன. சில வேளைகளில் அவையும் வராமல் கனத்த ஒலி ஒன்று கேட்கிறது. கருவியில் கோளாறா?
— சரக்கு வாகன ஓட்டுநர் ஒருவர்

பதில்: கோளாறு எதுவும் இல்லை. உங்கள் கருவியை நிரல்படுத்தியவர் கன்வென்ஷனல் சானல்களையும் டிரங்க்கிங் குழுக்களையும் ஒரே குமிழில் அடுத்தடுத்து அமைத்திருக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுமே வெறும் எண்கள்தாம். உள்ளே நடப்பது முற்றிலும் வேறு.

கன்வென்ஷனல் முறையில் குமிழின் ஓர் எண் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணைக் குறிக்கும். இடையில் ரிப்பீட்டர் (வந்த பேச்சை வாங்கி, வலுவாக்கி மறுபடி அலைபரப்பும் கருவி) இருந்தால், அனுப்புவதற்கு ஒன்றும் பெறுவதற்கு ஒன்றுமாக இரண்டு அதிர்வெண்களைக் குறிக்கும். பொத்தானை அழுத்திய கணமே கருவி அலைபரப்பத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் வேறொருவர் அதே அதிர்வெண்ணில் பேசிக்கொண்டிருந்தால், நிரலில் தனியாகத் தடை வைத்திருந்தாலொழிய, கருவி உங்களைத் தடுக்காது. இருவரும் ஒன்றாக அழுத்தினால் கேட்பவர்களுக்குக் கீச்சொலிதான் மிஞ்சும், அல்லது வலுவான அலை மட்டும் கேட்டு மற்றவருடைய பேச்சு சுவடின்றி மறையும். தன் பேச்சு யாருக்கும் எட்டவில்லை என்பது அந்த மற்றவருக்குத் தெரியவும் தெரியாது.

டிரங்க்கிங் முறையில் குமிழின் எண் ஒரு பேச்சுக்குழுவைக் குறிக்கிறது. அதற்கென நிலையான அதிர்வெண் கிடையாது. வேலையில்லாத நேரத்தில் எல்லாக் கருவிகளும் கட்டுப்பாட்டுச் சானல் என்ற ஒரே சானலைக் கேட்டபடி இருக்கும். நீங்கள் பொத்தானை அழுத்தினால் உங்கள் குரல் உடனே கிளம்புவதில்லை. ‘இன்ன எண்ணுள்ள கருவி, இன்ன குழுவுடன் பேச விரும்புகிறது’ என்ற சிறு தரவுத் துணுக்கு முதலில் செல்கிறது. கட்டுப்பாட்டுக் கணினி அப்போது காலியாக உள்ள சானல்களில் ஒன்றை எடுத்து, அந்தக் குழுவைச் சேர்ந்த கருவிகள் அனைத்தும் அதற்கு மாற வேண்டும் என அறிவிக்கிறது. அவை மாறிக்கொள்கின்றன, உங்கள் கருவி மூன்று ‘பிப்’ ஒலிகளால் ‘இனிப் பேசலாம்’ என்கிறது. இவ்வளவும் பெரும்பாலும் அரை நொடிக்குள் முடிந்துவிடும். நீங்கள் கேட்ட கனத்த ஒலிக்குக் காரணம், அந்த நேரத்தில் எல்லாச் சானல்களும் நிறைந்திருந்ததுதான்.

ஆகவே ஓட்டுநர் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்றே: குமிழ் நிற்கும் எண்ணில், சானல் காலியா என்று பார்ப்பது யார் பொறுப்பு? கன்வென்ஷனலில் அது உங்கள் காதின் பொறுப்பு. டிரங்க்கிங்கில் கணினியின் பொறுப்பு, அதன் விடையைக் கேட்டு நடப்பது மட்டும் உங்களுடையது. குமிழின் எந்த எண்கள் எந்த முறையைச் சேர்ந்தவை என்று ஒரு சிறு அட்டையில் எழுதிக் கருவியின் அருகே ஒட்டிவையுங்கள். புதிதாகச் சேர்பவருக்கு ஒரு நாள் பயிற்சியைவிட அந்த அட்டை அதிகம் உதவும் என்பது என் கருத்து.

எல்லா டிரங்க்கிங் அமைப்புகளிலும் தனிக் கட்டுப்பாட்டுச் சானல் இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்டிஆர் என்ற பழைய முறையில் ஒவ்வொரு ரிப்பீட்டரும் பேச்சுக்கு அடியிலேயே, காதுக்கு எட்டாத மெல்லிய தரவாகக் கட்டளைகளை அனுப்பிக்கொண்டிருக்கும். பயன்படுத்துபவரின் கைக்கு வேறுபாடு அதிகம் தெரியாது.

கேள்வி: ஐந்து துறைகளுக்கு ஐந்து சானல்கள் இருந்தன. அவற்றையே பொதுவில் போட்டு டிரங்க்கிங் ஆக்கினால் நெரிசல் குறைகிறது என்கிறார்கள். அதிர்வெண் ஒன்றுகூடக் கூடவில்லையே, நெரிசல் மட்டும் எப்படிக் குறையும்?
— பொறியியல் மாணவி ஒருவர்

பதில்: நல்ல கேள்வி. இதற்கான கணக்கு வயர்லெஸ் உலகில் பிறந்ததன்று. தொலைபேசி நிலையத்தில் பிறந்தது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய டென்மார்க் கணிதவியலாளர் அக்னர் கிராரப் எர்லாங் 1909-இல் தொலைபேசி உரையாடல்களின் நிகழ்தகவைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். காத்திருப்புக்கான அவருடைய புகழ்பெற்ற சூத்திரங்கள் 1917-இல் வந்தன. சானல்களில் ஓடும் பேச்சுப் போக்குவரத்தின் அடர்த்தியை இன்றும் அவர் பெயரால் ‘எர்லாங்’ என்றே அளக்கிறோம்.

உங்கள் ஐந்து சானல்களில் ஒவ்வொன்றும் சராசரியாகப் பாதி நேரம் பேச்சில் இருக்கிறது என்றும், ஒரு பேச்சு சராசரியாக 10 நொடி நீடிக்கிறது என்றும், அழைப்புகள் ஒன்றையொன்று சாராமல் எழுகின்றன என்றும் கொள்வோம். தனித்தனிச் சானலாக இருக்கும்போது, பேச விரும்புபவர் காத்திருக்க நேரும் வாய்ப்பு 50 விழுக்காடு. சராசரிக் காத்திருப்பு 10 நொடி. ஐந்தையும் பொதுவில் வைத்தால், ஐந்தும் ஒரே நேரத்தில் நிறைந்திருந்தால் மட்டுமே காத்திருக்க வேண்டும். எர்லாங்கின் சூத்திரப்படி அதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 13 விழுக்காடு. சராசரிக் காத்திருப்பு அரை நொடி அளவுக்கு இறங்கிவிடுகிறது. பக்கத்துத் துறையின் சானல் சும்மா கிடக்கும்போது நம் துறைக்காரர் வரிசையில் நிற்கும் வீணடிப்பு நின்றுபோவதே காரணம்.

இந்தக் கணக்கை விற்பனையாளர்கள் இத்துடன் நிறுத்திவிடுவதுண்டு, நிறுத்தக் கூடாது. ஐந்தில் ஒன்றைக் கட்டுப்பாட்டுச் சானலாக ஒதுக்கிவிட்டால் பேச்சுக்கு நான்குதான் எஞ்சும். அதே பேச்சளவை நான்கில் ஏற்றினால் காத்திருக்கும் வாய்ப்பு 32 விழுக்காடாகவும், சராசரிக் காத்திருப்பு 2 நொடிக்குச் சற்று மேலாகவும் உயர்கிறது. அப்போதும் பழைய 10 நொடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் என்றாலும், இரண்டு மூன்று சானல்கள் மட்டுமே உள்ள சிறிய அமைப்புக்குத் தனிக் கட்டுப்பாட்டுச் சானல் கட்டுப்படியாகாது என்பது இதிலிருந்து விளங்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். அழைப்புகள் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டோம். பெரும் விபத்து நேரும் நாளில் அது பொய்த்துவிடும். ஐந்து துறைகளும் ஒரே நிமிடத்தில் பேச முனையும், பொதுத் தொகுப்பு நிறையும், விபத்துக்குத் தொடர்பே இல்லாத துறையும் வரிசையில் நிற்கும். குழுக்களுக்கு முன்னுரிமை வரிசை வகுப்பது அதற்காகத்தான்.

கேள்வி: டிரங்க்கிங்கில் கேட்கும் ஒவ்வோர் ஒலிக்கும் என்ன பொருள்? எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை; மறுபடி மறுபடி பொத்தானை அழுத்திப் பார்க்கிறோம்.
— ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர்

பதில்: முதலில் அந்த மறுபடி மறுபடி அழுத்தும் பழக்கத்தை நிறுத்துங்கள். அதன் காரணத்தைச் சொன்னால் மற்றவை எளிதில் விளங்கும்.

சானல்கள் நிறைந்திருக்கும்போது நீங்கள் ஒருமுறை அழுத்தினாலே போதும்; தாழ்ந்த குரலில் கரகரவென ஒலிக்கும் நெரிசல் ஒலி கேட்கும், பொத்தானை விட்டுவிடலாம். உங்கள் கோரிக்கை அதற்குள் கணினியின் வரிசையில் ஏறிவிட்டது. சானல் காலியானதும் கருவி தானாகவே அழைப்பொலி எழுப்பும். அதைக் கேட்டவுடன், இரண்டு மூன்று நொடிக்குள், அழுத்திப் பேசத் தொடங்க வேண்டும். தாமதித்தால் ஒதுக்கிய சானல் அடுத்தவருக்குப் போய்விடும். வரிசையில் ஏற்கெனவே இருப்பவர் திரும்பத் திரும்ப அழுத்துவதால் முன்னே நகர்வதில்லை. ஒவ்வோர் அழுத்தமும் கட்டுப்பாட்டுச் சானலில் ஒரு தரவுத் துணுக்காகச் சென்று, மற்றவர்களுடைய கோரிக்கைகளோடு மோதும் வாய்ப்பைத்தான் கூட்டுகிறது. நெரிசலான நேரத்தில் இருபது வண்டிகள் இப்படிச் செய்தால் பாதிக்கப்படுவது, அதே நொடியில் முதன்முறையாக உதவி கேட்கும் இருபத்தொன்றாவது வண்டி.

மூன்று சிறு ‘பிப்’ ஒலிகள் பேச அனுமதி. பொத்தானை அழுத்தியபடியே அவை முடியும்வரை காத்திருந்து பேச வேண்டும். அழுத்தியதும் நிற்காமல் ஒரே ஒலி நீண்டு ஒலித்தால், நீங்கள் கட்டுப்பாட்டு நிலையத்தின் எல்லைக்கு வெளியே இருக்கிறீர்கள் அல்லது அந்தக் குழுவில் பேச உங்கள் கருவிக்கு அனுமதி இல்லை. திரையில் தெரியும் குறிப்பைப் பார்த்து எது என்று தீர்மானியுங்கள். நீளமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் எச்சரிக்கை ஒலி வருவது நேரவரம்பு நெருங்குவதன் அறிகுறி. பல கருவிகளில் இந்த வரம்பு 60 நொடி. அதைத் தாண்டினால் அலைபரப்பல் தானே நின்றுவிடும். பொத்தானை விட்டு மீண்டும் அழுத்தினால்தான் பேச முடியும்.

ஒலிகளின் வடிவம் தயாரிப்புக்குத் தயாரிப்பும் நிரலுக்கு நிரலும் மாறும். உங்கள் வண்டியின் கருவியை நிரல்படுத்தியவரிடம், ஒவ்வோர் ஒலியையும் ஒருமுறை எழுப்பிக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். எழுத்தில் படித்து இதைக் கற்றுக்கொள்வது கடினம்.

ஓர் உரையாடலின் நடுவே, நீங்கள் பதில் சொல்ல அழுத்தும்போது நெரிசல் ஒலி வந்தால் வியப்படைய வேண்டாம். சில அமைப்புகளில் ஒவ்வொரு பேச்சும் முடிந்த பின் சானல் சில நொடிகள் அதே குழுவுக்காகக் காத்திருக்கும். வேறு சிலவற்றில் பொத்தானை விட்டதுமே சானல் பொதுத் தொகுப்புக்குத் திரும்பிவிடும். இரண்டாம் வகையில் கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் சானல் கைமாறிவிடக்கூடும். அதை ஈடுகட்டவே, சற்றுமுன் பேசியவர்களுக்கு வரிசையில் முன்னிடம் தரும் ஏற்பாட்டைப் பல அமைப்புகள் கொண்டுள்ளன.

கேள்வி: கன்வென்ஷனல் சானலில் எங்கள் நிறுவனத்தார் குரல் மட்டுமே கேட்கிறது. அமைதியாக இருக்கிறதே என்று பேசினால், “எங்கள் பேச்சின் குறுக்கே வருகிறீர்கள்” என்று வேறொரு நிறுவனத்தார் புகார் செய்கிறார்கள். இது எப்படி நேர்கிறது?
— கட்டுமானத் தளத்தில் டிப்பர் ஓட்டுபவர்

பதில்: புகார் நியாயமானதே. ஒரே அதிர்வெண்ணைப் பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் இடங்களில், ஒவ்வொரு நிறுவனத்தின் கருவியும் பேச்சோடு சேர்த்து ஒரு தாழ்ந்த தொனியை அனுப்பும். இந்தத் தொனிகள் 67 ஹெர்ட்சிலிருந்து 254.1 ஹெர்ட்ஸ் வரை அமைந்தவை. ஒலிபெருக்கிக்குப் போகும் முன் வடிகட்டப்பட்டுவிடுவதால் உங்கள் காதுக்குத் தெரியாது. தொனிக்குப் பதிலாக நொடிக்கு 134.4 பிட் வேகத்தில் ஓர் எண்குறியை அனுப்பும் முறையும் உண்டு. தன் தொனி வந்தால் மட்டுமே கருவி ஒலிபெருக்கியைத் திறக்கும். அதாவது மற்றவர் பேச்சு உங்கள் காதிலிருந்து மறைக்கப்படுகிறது. அலைவெளியில் அது இருந்துகொண்டேதான் இருக்கிறது. உங்கள் வண்டியில் நிலவும் அமைதி, சானல் காலி என்பதற்குச் சான்றாகாது.

இதற்கான தீர்வு உங்கள் கையிலேயே இருக்கிறது. பெரும்பாலான வாகனக் கருவிகளில் மைக்கை மாட்டும் கொக்கி வெறும் கொக்கியன்று. அதில் ஒரு மின்தொடர்பு உண்டு. மைக்கைக் கொக்கியிலிருந்து எடுத்தவுடன் தொனிக் காவல் விலகி, அந்த அதிர்வெண்ணில் யார் பேசினாலும் கேட்கும். எடுத்ததும் ஒரு நொடி காதுகொடுத்து, யாரும் பேசவில்லை என்றால் மட்டும் அழுத்துங்கள். ஓட்டுநர்கள் பலர் மைக்கை மடியிலோ இருக்கையிலோ போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் கருவி மைக் கையில் இருப்பதாகவே எண்ணிக்கொண்டு, ஊரார் பேச்சையெல்லாம் நாள் முழுதும் ஒலிக்கும். எரிச்சலில் ஓட்டுநர் ஒலியளவைக் குறைத்துவிட, தன் நிறுவனத்தார் அழைப்பும் காதில் விழாமல் போகும். போதாததற்கு, மடியில் கிடக்கும் மைக்கின் பொத்தான் தெரியாமல் அழுந்தி, ஒரு சானல் முழுதையும் அடைத்துக்கொள்வதும் உண்டு. கொக்கியில் மின்தொடர்பு இல்லாத கருவியானால், கண்காணிப்புப் பொத்தானை அழுத்திக் கேட்டுவிட்டுப் பேசுங்கள், அல்லது சானல் நிறைந்திருப்பதைக் காட்டும் சிறு விளக்கைப் பாருங்கள்.

தொனி இருப்பதால் தங்கள் பேச்சு பிறர் காதில் விழாது என்று நம்புவோரும் இருக்கிறார்கள். விழும். தொனிக் காவல் இல்லாத எந்தப் பெறுவியிலும் உங்கள் பேச்சு முழுமையாகக் கேட்கும். மறைகாப்பு வேண்டுமானால் குறியாக்கம் உள்ள கருவிதான் வழி.

கேள்வி: நான் பேசும்போது முதல் சொல் எப்போதும் விழுந்துவிடுகிறது என்கிறார்கள். மைக்கை வாயோடு ஒட்டிப் பேசியும் பயனில்லை.
— தீயணைப்பு வாகனப் பணியாளர் ஒருவர்

பதில்: முதல் சொல் விழுவதற்கும் மைக்கின் தூரத்துக்கும் தொடர்பில்லை. கன்வென்ஷனல் ரிப்பீட்டர் உங்கள் தொனியை அடையாளம் கண்டு, தன் அலைபரப்பியை எழுப்பி, மறுமுனையில் உள்ள கருவிகளும் அதே தொனியைக் கண்டு ஒலிபெருக்கியைத் திறக்க ஒரு நொடிக்குச் சற்றுக் குறைவான நேரம் பிடிக்கும். அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, பிறகு பேசுங்கள். டிரங்க்கிங்கில் இப்படி மதிப்பிடத் தேவையே இல்லை. மூன்று ‘பிப்’ முடிந்ததும் பேசலாம். முடிக்கும்போதும் கடைசிச் சொல் முழுதாக வெளிவந்த பிறகே பொத்தானை விடுங்கள்.

மைக்கை வாயிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தள்ளி, சற்றுச் சாய்வாகப் பிடித்து இயல்பான குரலில் பேசுவதே சரி. உரக்கக் கத்தினால் கருவியின் வரம்புச் சுற்று குரலின் உச்சிகளை வெட்டிவிடும். ஒலி பெரிதாவதில்லை, தெளிவுதான் கெடும். சைரன் ஒலிக்கும் வண்டியில் கத்தத் தோன்றுவது இயல்பே. அப்போதும் குரலை உயர்த்துவதைவிட மைக்கை நெருக்கிப் பிடிப்பதும் கண்ணாடியை ஏற்றுவதும்தான் பலன் தரும். டிஜிட்டல் கருவிகளில் இது இன்னும் முக்கியம்: குரலைச் சுருக்கும் நிரல் மனிதக் குரலுக்காக வடிவமைக்கப்பட்டது, சைரன் கலந்த கூச்சலை அது சொற்களாக மீட்டெடுக்காது.

கேள்வி: மலைச் சரிவில் உள்ள சுரங்கத்தில் வேலை. டிரங்க்கிங் குழுவில் பேச முயன்றால் எல்லைக்கு வெளியே என்கிறது. இருநூறு மீட்டர் முன்னால் நிற்கும் என் சக ஓட்டுநர் கண்ணுக்குத் தெரிகிறார். அவரோடுகூடப் பேச முடியவில்லையே?
— டம்பர் ஓட்டுநர் ஒருவர்

பதில்: அவரோடு பேசுவதற்கும் கணினியின் அனுமதி வேண்டும், உங்கள் கோரிக்கை கணினியை எட்டவில்லை. டிரங்க்கிங்கில் இரு வண்டிகள் அருகருகே நின்றாலும் பேச்சு நிலையத்துக்குப் போய்த்தான் திரும்பும்.

இத்தகைய இடங்களுக்காகவே கருவியில் நேரடிச் சானல் ஒன்றை வைத்திருப்பார்கள். அது கன்வென்ஷனல் வகை. ரிப்பீட்டரோ நிலையமோ இல்லாமல் வண்டியிலிருந்து வண்டிக்கு அலை நேராகச் செல்லும். அதில் இரண்டு விதம் உண்டு என்பதைத் தெரிந்துகொண்டால் தடுமாற்றம் வராது. நீங்கள் கன்வென்ஷனல் ரிப்பீட்டர் சானலில் இருந்து நேரடிப் பொத்தானை அழுத்தினால், உங்கள் கருவி ரிப்பீட்டரின் வெளியீட்டு அதிர்வெண்ணிலேயே அனுப்பத் தொடங்கும். சக ஓட்டுநர் ஏற்கெனவே அந்த அதிர்வெண்ணைத்தான் கேட்டுக்கொண்டிருப்பதால், அவர் எதையும் மாற்றாமலேயே உங்கள் குரல் அவருக்குக் கேட்கும். பதில் சொல்ல மட்டும் அவரும் மாற்ற வேண்டும். டிரங்க்கிங் குழுவிலிருந்து நேரடிச் சானலுக்குப் போவது அப்படியன்று. அவருடைய கருவி கட்டுப்பாட்டுச் சானலைத் தேடிக்கொண்டிருக்கும். நீங்கள் வேறோர் அதிர்வெண்ணில் கூப்பிடுவது அதற்குத் தெரியவே தெரியாது. இருவரும் குமிழைத் திருப்பியாக வேண்டும். எல்லை தாண்டினால் எந்த எண்ணுக்குப் போவது என்று வேலை தொடங்கும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

நேரடிச் சானலில் இருக்கும்வரை கணினியைப் பொறுத்தவரை நீங்கள் இல்லை. கட்டுப்பாட்டு அறை உங்களைக் கூப்பிட முடியாது. அவசரப் பொத்தானை அழுத்தினாலும் அந்த அலை எட்டும் தூரத்துக்குள் யாராவது இருந்தால்தான் உண்டு. அதனால் மாறும் முன் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிவிட்டு மாறுங்கள். திரும்பியதும் மறுபடி சொல்லுங்கள்.

அலை எட்டும் தூரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தடையற்ற சமவெளியில் வயர்லெஸ் அலையின் தொடுவானத்தைக் கணிக்க எளிய விதி உண்டு: இரு ஆன்டெனாக்களின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, அவற்றின் வர்க்கமூலங்களைக் கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். 2 மீட்டர் உயர ஆன்டெனா கொண்ட இரு வண்டிகளுக்கு ஏறத்தாழ 11.7 கிலோமீட்டர், ஒருமுனை 50 மீட்டர் கோபுரமானால் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். இவை மேல்வரம்புகள். மலையும் கட்டடமும் குறுக்கே வந்தால் இதில் சிறு பகுதிதான் கிட்டும். 25 வாட் கருவிக்குப் பதிலாக 50 வாட் கருவி வாங்குவதைவிட வண்டியை இருபது அடி மேட்டுக்கு நகர்த்துவது பெரும்பாலும் கூடுதல் பயன் தரும். டிஜிட்டல் கருவியில் அனலாகைப்போல இரைச்சல் மெல்லக் கூடி எச்சரிக்காது. தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்த பேச்சு திடீரென உடைந்து அறுபடும். திரையின் அலைவலிமைக் கோடுகளை அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது.

கேள்வி: பராமரிப்புக் குழுவின் பேச்சையும் கேட்க, அதை ஸ்கேன் பட்டியலில் (கருவி மாறிமாறிக் கேட்கும் குழுக்களின் பட்டியலில்) சேர்த்துக்கொண்டேன். நகரின் ஒரு பகுதியில் கேட்கிறது, மறுபகுதிக்குப் போனால் கேட்பதில்லை. அலைவலிமை நன்றாகவே இருக்கிறது.
— பேருந்துப் போக்குவரத்து மேற்பார்வையாளர்

பதில்: உங்களுடையது பல நிலையங்கள் இணைந்த டிரங்க்கிங் அமைப்பாக இருக்க வேண்டும். அத்தகைய அமைப்பு ஒரு குழுவின் பேச்சை எல்லா நிலையங்களிலும் வீணாக ஒலிபரப்புவதில்லை. அந்தக் குழுவைத் தேர்ந்தெடுத்திருக்கும் கருவி ஒன்றாவது பதிவாகியுள்ள நிலையங்களுக்கு மட்டுமே அனுப்புகிறது. ஸ்கேன் பட்டியலில் சேர்ப்பது பெரும்பாலான அமைப்புகளில் பதிவாகக் கணக்கிடப்படுவதில்லை. நகரின் ஒரு பகுதியில் பராமரிப்பு வண்டி ஏதேனும் நிற்பதால் பேச்சு அங்கே வருகிறது, நீங்களும் கேட்கிறீர்கள். மறுபகுதியில் அவர்கள் யாரும் இல்லை. ஒரு குழுவின் பேச்சைத் தவறாமல் கேட்டாக வேண்டுமானால் குமிழை அந்தக் குழுவிலேயே வையுங்கள். கன்வென்ஷனல் ஸ்கேனுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கே அலை எட்டினால் பேச்சு கேட்கும்.

ஸ்கேன் செய்யும்போது பதில் பேச்சு எங்கே போகும் என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். சில கருவிகளில் அது குமிழ் நிற்கும் குழுவுக்கே போகும்; சிலவற்றில், கடைசியாகக் கேட்ட குழுவுக்குச் சில நொடிகள்வரை போகும். இது தெரியாமல் பேசினால் உங்கள் கட்டளை வேறொரு குழுவின் காதில் விழும்.

கேள்வி: ஆரஞ்சு நிற அவசரப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும்? எந்தச் சானலில் இருந்தாலும் வேலை செய்யுமா?
— காவல் வாகன ஓட்டுநர் ஒருவர்

பதில்: டிரங்க்கிங்கில் அதன் வலிமை அதிகம். பொத்தானைச் சற்று அழுத்திப் பிடித்தால் உங்கள் கருவியின் எண் அவசர அறிவிப்பாகக் கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஏறும். அதன் பின் நீங்கள் பேச முனையும்போது உங்கள் கோரிக்கை வரிசையின் தலைக்குப் போகும். சில அமைப்புகளில், எல்லாச் சானல்களும் நிறைந்திருந்தால் சாதாரணப் பேச்சு ஒன்றைத் துண்டித்தே உங்களுக்குச் சானல் தரப்படும். கன்வென்ஷனலில் வரிசையும் இல்லை, முன்னுரிமை தரும் கணினியும் இல்லை. அவசரத் தரவு அதே அதிர்வெண்ணில் மற்றப் பேச்சோடு போட்டியிட்டுச் செல்ல வேண்டும்; மறுமுனையில் அதைப் படிக்கும் கருவி இருந்தால்தான் பயன். உங்கள் கருவியில் எந்த எண்களில் அது வேலை செய்யும்படி நிரல்படுத்தப்பட்டிருக்கிறது என்று கேட்டு, கட்டுப்பாட்டு அறைக்கு முன்கூட்டியே தகவல் சொல்லி ஒருமுறை சோதித்துப் பாருங்கள். இன்னொருவர் அவசரம் அறிவித்திருப்பது தெரிந்தால், கட்டுப்பாட்டு அறை கேட்டாலொழிய மற்ற வண்டிகள் பேசக் கூடாது. நலம் விசாரிக்கும் ஆர்வத்தில் ஐந்து பேர் அழைத்தால், பேச வேண்டியவர் பேச முடியாது.

கேள்வி: வெடிவைக்கும் பகுதியில் ‘பொத்தானை அழுத்தாமல் இருந்தால் போதும்’ என்கிறார்கள். சரியா?
— கல்குவாரிப் பணியாளர் ஒருவர்

பதில்: சரியன்று, இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். டிரங்க்கிங் கருவி நீங்கள் தொடாமலேயே அலைபரப்பும். நிலையம் மாறும்போது பதிவு செய்துகொள்ளவும், தனக்கு வந்த அழைப்பை ஏற்றதாகத் தெரிவிக்கவும் அது தானாகத் தரவு அனுப்புகிறது. மின் டெட்டனேட்டர்கள் உள்ள இடத்தில், எச்சரிக்கைப் பலகையைக் காணும் இடத்திலேயே கருவியை முழுதாக அணைத்துவிடுங்கள். எரிபொருள் நிரப்பும்போதும் அப்படியே.

பொதுவாக, ஆன்டெனாவைத் தொட்டுக்கொண்டோ கையெட்டும் தூரத்திலோ யாரும் நிற்கும்போது அழுத்த வேண்டாம். ஆன்டெனா கழன்றிருக்கும்போது அழுத்தினால் அலைபரப்பி கெடக்கூடும். ஏர்பேக் விரியும் இடத்தில் கருவியையோ மைக்கையோ பொருத்தக் கூடாது.

கேள்வி: ஒரு நாள் இடி மின்னலுக்குப் பிறகு டிரங்க்கிங் குழுவில் சம்பந்தமில்லாத துறைகளின் பேச்செல்லாம் கேட்கத் தொடங்கியது, இடையிடையே மெல்லிய ‘பிப்’ ஒன்றும் வந்துகொண்டிருந்தது. கருவியை அணைத்துப் போட்டும் மாறவில்லை.
— மின்வாரியப் பழுதுபார்ப்பு வாகன ஓட்டுநர்

பதில்: உங்கள் கருவியில் ஒன்றும் இல்லை. கட்டுப்பாட்டுக் கணினி செயலிழந்தாலும் ரிப்பீட்டர்கள் உயிரோடு இருக்கலாம். அந்த நிலையில் ஒவ்வொரு ரிப்பீட்டரும் சாதாரணக் கன்வென்ஷனல் சானலாகத் தொடர்ந்து வேலை செய்யும்படி பல அமைப்புகள் வடிவமைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு கருவியும் தனக்கென முன்பே குறித்துவைத்த ரிப்பீட்டருக்கு ஓடிவிடும். குழுக்கள் பல, ரிப்பீட்டர்கள் சில. அதனால் நான்கைந்து குழுக்கள் ஒரே சானலில் வந்து சேர்கின்றன. அந்த மெல்லிய ‘பிப்’ இதை உணர்த்தத்தான். திரையிலும் குறிப்பு வரும்.

அந்த ஒலி கேட்கும்வரை கன்வென்ஷனல் முறையில் நடந்துகொள்ளுங்கள். அனுமதி ஒலிக்காகக் காத்திருக்க வேண்டாம். காலியா என்று கேட்ட பிறகே அழுத்துங்கள்; ‘பராமரிப்பு நான்கு, கட்டுப்பாட்டு அறைக்கு’ என்று துறையின் பெயரோடு முழு அழைப்புப் பெயரைச் சொல்லுங்கள், ஏனெனில் ‘நான்கு பேசுகிறேன்’ என்றால் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லாத் துறைகளிலும் ஒரு நான்கு இருக்கும். தனி அழைப்பு வசதி வேலை செய்யாது. அவசரப் பொத்தானையும் நம்பியிருக்கக் கூடாது, குரலில் சொல்லுங்கள். குமிழைத் திருப்பித் தேட வேண்டாம். திருப்பினால் உங்கள் குழு கூடியிருக்கும் ரிப்பீட்டரை விட்டு வேறொன்றுக்குப் போய்விடுவீர்கள். கணினி மீண்டதும் ‘பிப்’ நின்றுவிடும், கருவி தானாகவே கட்டுப்பாட்டுச் சானலுக்குத் திரும்பும், அடுத்த அழுத்தத்தில் மூன்று ஒலிகள் வரும்.